மன்னார்குடியில் வாயுவலி, தஞ்சாவூரில் கணைய அழற்சி

நாத்தனார் மகளின் காதுகுத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து தை மாதத்தில் மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்த மூன்றாம் நாள் இரவு, மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை ஊடுருவிய வலியால் படுக்கவும் முடியாமல், முன்னால் குனிந்தபடி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அதுவும் வாந்தியாக வெளியே வந்தது.

மன்னார்குடியில் நாங்கள் போன சிறிய மருத்துவமனையில் பத்து நிமிடத்தில் மருத்துவர் பார்த்துவிட்டார். இந்த வேகத்தைச் சிங்கப்பூரில் நான் கண்டதில்லை. இ.சி.ஜி. எடுத்தார்கள், கணையம் சுரக்கும் நொதியான அமைலேஸின் அளவை ரத்தத்தில் பரிசோதித்தார்கள். இரண்டும் சரியாக இருந்ததால் வாயுவலி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் கொழுப்பு மிதமிஞ்சி இருந்தால் அமைலேஸ் அளவு பொய்யாகச் சரியென்று காட்டக்கூடும் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

விடிந்ததும் வடுவூர் வழியாகத் தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம். அறுவடை இயந்திரம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்ததில், வண்டியின் ஒவ்வொரு குலுக்கலும் முதுகில் தெரிந்தது. அங்கிருந்த தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டிய பிறகே படுக்கை கிடைத்தது; எங்கள் வெளிநாட்டுக் காப்பீட்டு அட்டையை வரவேற்பில் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ரத்தம் எடுத்துச் சென்ற ஆய்வகப் பெண் சிறிது நேரத்தில் குழாயுடன் திரும்பி வந்தார். அடியில் சிவப்பும் அதற்கு மேல் காய்ச்சி ஆறிய பால் போன்ற வெள்ளையுமாக அது நின்றது. ரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு, டெசிலிட்டருக்கு 2,830 மில்லிகிராம். கணையத்தின் இன்னொரு நொதியான லைபேஸ் இயல்பான உச்ச அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது. கணைய அழற்சி என்றார்கள். அதற்கு வழக்கமான காரணமான பித்தப்பைக் கல் ஸ்கேனில் இல்லை. இன்னொரு காரணமான மதுப் பழக்கம் உண்டா என்ற கேள்வியை என்னிடம் கேட்காமல் என் கணவரிடம் கேட்டார்கள். அதை இப்போதும் என்னால் ரசிக்க முடியவில்லை.

வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று இரண்டு இடங்களிலும் கேட்டார்கள். "சுகர், பிரஷர் ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்று இரண்டு இடங்களிலும் அத்தைதான் முந்திக்கொண்டு சொன்னார். மூன்று மாதமாக அதிக ரத்தப்போக்குக்காக நான் எடுத்துவந்த கருத்தடை மாத்திரையை அவர் அறியமாட்டார். அறியவைக்கும் துணிவும் எனக்கு இல்லை. பெரிய மருத்துவர்கள் போன பிறகு, அத்தையிடம் மருந்துச் சீட்டைக் கொடுத்துக் கீழே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்து மூடினார் ஒரு செவிலியர். "அக்கா, நாள் தள்ளிப்போட, குழந்தை வேண்டாம்னு, எதுக்காவது மாத்திரை போடுறீங்களா? விசேஷத்துக்கு வர்றவங்க நிறையப் பேர் போடுவாங்க, அதான் கேட்கிறேன்" என்றார். சொல்லிவிட்டேன்.

மருத்துவர் அதன் பிறகு என் சிங்கப்பூர் அறிக்கையைக் கைப்பேசியில் பார்த்தார். அதில் டிரைகிளிசரைடு 4.9 என்று இருந்ததால், சிறிய எண் என்று நான் பொருட்படுத்தவே இல்லை. அவர் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் 88.5ஆல் பெருக்கி 434 என்று எழுதிக் காட்டினார். அங்கே மில்லிமோல் கணக்கு, இங்கே மில்லிகிராம் கணக்கு. ஏற்கெனவே கொழுப்பு கூடுதலாக உள்ளவர் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை விழுங்கினால், கல்லீரல் டிரைகிளிசரைடை மேலும் அதிகமாக உருவாக்கி ரத்தத்தில் கலக்கும் என்றும், அது ஆயிரத்தைக் கடந்தால் கணையத்துக்கு ஆபத்து என்றும் விளக்கினார்.

பட்டினி, டிரிப்ஸ், வலிக்கு மருந்து. எனக்குச் சர்க்கரை நோய் இல்லாவிட்டாலும், கொழுப்பைக் கரைக்கும் நொதியைத் தூண்டுவதற்காகக் குளுக்கோஸுடன் இன்சுலினும் ஏற்றினார்கள். இரவு முழுவதும் மணிக்கு ஒருமுறை விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்த்த செவிலியர்கள் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நான்காம் நாள் டிரைகிளிசரைடு 500க்குக் கீழே வந்தபின், தேங்காயும் எண்ணெயும் இல்லாத கஞ்சி கொடுத்தார்கள். மாத்திரை அன்றோடு நின்றது. அதற்குப் பதிலாக, ரத்தப்போக்கைக் குறைக்கக் கருப்பைக்குள் வைக்கும், ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஹார்மோன் சாதனம் பற்றிப் பேசினார்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் "எடுத்துவரும் மருந்துகள்" என்ற இடத்தில், முதல் நாள் எழுதியதை அப்படியே படியெடுத்து "இல்லை" என்று அச்சிட்டிருந்தார்கள். திருத்தித் தந்தால்தான் போவேன் என்று கவுண்டரில் நின்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து மருத்துவர் மாத்திரையின் பெயரைக் கையால் எழுதி முத்திரை வைத்தார். அத்தை பக்கத்தில் நின்று அதைப் படித்தார். எதுவும் கேட்கவில்லை, என் பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார்.