புகையிலை மீட்பு மையம்: சிகிச்சை நன்று, நேரம்தான் சரியில்லை

டெல்டா மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் இயங்கும் புகையிலை மீட்பு மையத்துக்கு என் அத்தானை அழைத்துச் சென்றிருந்தேன். கட்டணம் எதுவும் இல்லை. ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் ஆலோசகர் அவசரப்படாமல் பேசுகிறார். அறிவுரை என்ற பெயரில் யாரையும் கடிந்துகொள்வதில்லை.

கும்பகோணத்தில் பாத்திரக் கடையொன்றில் கணக்கு எழுதும் அத்தானிடம் அவர் முதலில் கேட்டது, கண் விழித்த எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பதைத்தான். அரை மணி நேரத்துக்குள் என்றால் சிகரெட்டுக்குப் பதிலாகத் தரும் நிக்கோடின் சூயிங்கம் 4 மில்லிகிராம், அதற்குப் பிறகு என்றால் 2 மில்லிகிராம் என்பது பொது வழக்கம். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, காரம் அடங்கிய பிறகு மீண்டும் மெல்ல வேண்டும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி கூடாது என்றதும் அத்தானின் முகம் சுருங்கிவிட்டது. டிகிரி காபி ஊரில் இது சிகரெட்டை விடுவதைவிடக் கடினமான நிபந்தனை.

அடுத்து வந்தவர் நடவு வேலைக்குப் போகும் பெரியவர். மையத்தின் படிவம் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று மட்டுமே கேட்கிறது; ஆலோசகர் அதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பீடி என்று எழுதினார். 2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெரியவர்களில் சிகரெட் பிடிப்போர் 4.0 சதவீதம், பீடி பிடிப்போர் 7.7 சதவீதம். அப்படியிருக்க, படிவம் எழுதியவர் எந்த ஊரை மனத்தில் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. அதே கணக்கெடுப்பில் பெண்களில் புகைப்போர் 2.0 சதவீதம்தான், ஆனால் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 12.8 சதவீதம். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு நாற்று நடும் பெண்களுக்கும் இந்தப் படிவத்தில் இடமில்லை.

வருமானம் குறையக் குறையப் புகைப்பழக்கம் கூடுவது பணக்கார நாடுகளிலும் உள்ளதுதான். அமெரிக்காவில் 2021இல் ஆண்டுக்கு 35,000 டாலருக்குக் கீழே வருமானமுள்ள குடும்பங்களின் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேர் சிகரெட் பிடித்தனர். ஒரு லட்சம் டாலரும் அதற்கு மேலும் உள்ள குடும்பங்களில் அது 6.7 சதவீதம்.

வருமானம் குறைந்தவர்களே அதிகம் புகைக்கிறார்கள் என்ற இந்தக் கணக்கை அறிந்தவர்கள் மையத்தின் நேரத்தைக் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை என்று வைத்திருக்க மாட்டார்கள். "அடுத்த வாரமும் வேலைய விட்டுட்டு எப்படிம்மா வர்றது?" என்று பெரியவர் கேட்டார். கூலி போய், பஸ் செலவும் சேர்ந்தால் இலவச சிகிச்சை இலவசமாக இருப்பதில்லை. ஆலோசகர் அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டு மாலையில் தாமே அழைப்பதாகச் சொன்னார். அது அவருடைய நல்ல மனம், மையத்தின் ஏற்பாடு அல்ல.

மருந்திலும் இதே குறைதான். அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் 2022இல் நிக்கோடின் மாற்று மருந்து சேர்க்கப்பட்டிருந்தும், நாங்கள் போன அன்று சூயிங்கம் கையிருப்பில் இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். அத்தான் எதிரே இருந்த மருந்துக் கடையில் வாங்கினார். பெரியவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

காலையில் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் தயங்காமல் போகலாம். முடியாதவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் உண்டு. அது புகையிலைப் பாக்கெட்டின் மேல்தான் அச்சாகிறது, பெட்டிக் கடையில் ஒற்றை சிகரெட்டாக வாங்குபவர் கைக்கு அந்தப் பாக்கெட் வருவதில்லை என்பதால் இங்கே குறித்திருக்கிறேன்.