காய்கறி ஆப்கள்: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

குழந்தையைக் காய் சாப்பிட வைக்கும் ஆப் என்று தேடினால் ஏகப்பட்டவை வந்து நிற்கின்றன. மூத்தவனுக்கு மூன்றரை வயதில் தொடங்கினோம், இப்போது ஐந்தாகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப் பிள்ளைக்குக் காயை அறிமுகம் செய்துவைக்கும். அதை மென்று விழுங்கப் பழகுவது தட்டுக்கு முன்னால், போன் பக்கத்தில் இல்லாதபோதுதான் நடக்கும்.

இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் புது உணவைக் கண்டால் மிரளுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இயல்பு. ஒரு காயை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறைகூட ருசி பார்க்க வேண்டியிருக்கும் என்கிறார்கள் இதை ஆராய்ந்தவர்கள். நாமோ மூன்றாவது தடவையே "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். காயைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டால் அந்த மிரட்சி கொஞ்சம் குறையும் என்பதுதான் நல்ல ஆப்களின் அடிப்படை.

முதலில் போட்டது ஒரு சமையல் விளையாட்டு. காயை நறுக்கி, வேகவைத்து, மிக்ஸியில் அடித்து ஒரு பொம்மைக்கு ஊட்ட வேண்டும். பையனுக்குக் கொள்ளைப் பிரியம். ஆனால் பச்சைக் காயைக் கொடுத்தால் அந்தப் பொம்மை "உவ்வே" என்று துப்பும். கொஞ்ச நாளில் அவரைக்காய்ப் பொரியலைப் பார்த்து எங்கள் வீட்டிலும் அதே உவ்வே கேட்டது. அன்றைக்கே எடுத்துவிட்டேன். பிள்ளை கையில் கொடுக்கும் முன், விளையாட்டில் வரும் பாத்திரங்கள் காயைப் பார்த்து என்ன முகம் காட்டுகின்றன என்று நீங்கள் ஒருமுறை விளையாடிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்டார் கொடுக்கும் ஆப். தட்டில் இருக்கும் காயைக் காலி செய்தால் ஸ்டார். தொடக்கத்தில் நன்றாகவே வேலை செய்தது. அப்புறம் "இந்த பீன்ஸுக்கு எத்தனை ஸ்டார்மா?" என்று பேரம் ஆரம்பித்தது. தட்டைக் காலி செய்ததற்கு ஸ்டார் கொடுப்பதை நிறுத்தி, ஒரு துண்டு ருசி பார்த்தாலே ஸ்டார் என்று மாற்றிய பிறகு பேரம் அடங்கியது. இலவசப் பதிப்பில் ஸ்டார் ஒட்டியதும் சாக்லேட் பிஸ்கட் விளம்பரம் வந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காய்க்காகச் செய்த ஆப்பில் அதைக் காட்டுவது அநியாயம்.

ஆராய்ச்சியாளர்களே செய்த முயற்சிகளும் உண்டு. பிரிட்டனில் ஆஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர்களின் 'வெஜிடபிள் மேத்ஸ் மாஸ்டர்ஸ்' காய்களை வைத்தே கணக்கு விளையாட விடுகிறது. காயைத் திரும்பத் திரும்பக் காட்டுவது, அதை விரும்பிச் சாப்பிடும் பாத்திரங்கள், சின்னப் பரிசு, இந்த மூன்றும் சேர்ந்தது. ரீடிங் பல்கலைக்கழகத்தின் 'சீ அண்ட் ஈட்' திட்டம் எளிமையானது: ஒரு காய் வளரும் இடத்திலிருந்து தட்டுக்கு வருவது வரை காட்டும் படப் புத்தகங்கள். எனக்குப் பிடித்துப்போனது இந்த யோசனைதான். ஆனால் வெளிநாட்டு ஆப்களில் பெரும்பாலும் புரோக்கோலியும் கேரட்டும்தான் வருகின்றன. எங்கள் வீட்டுச் சிக்கல் பீர்க்கங்காயும் புடலங்காயும்.

அதனால் படம் வைத்து, கீழே குரல் பதிவு செய்யும் ஒரு கதை ஆப்பில் நாங்களே புத்தகம் செய்தோம். மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போவோம். (1999இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது இங்கேதான், அதுவும் குழந்தைகள் தினமான நவம்பர் 14 அன்று.) தராசில் கிடந்த பீர்க்கங்காயை அவனே படம் எடுத்தான். வீட்டுக்கு வந்து அதன் வரிகளை விரலால் தடவி ஒவ்வொன்றாக எண்ணினான். பாட்டி அரிவாள்மனையில் தோல் சீவுவது, அந்தத் தோல் துவையலாவது, காய் பாசிப்பருப்போடு கூட்டாவது, தாத்தா அதைச் சோற்றில் பிசைவது என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் அவன் குரல். "இது நான் வாங்கின பீக்கங்கா" என்று தொடங்கும். தினமும் மாலையில் அதைப் பார்ப்பான். முதலில் கூட்டில் இருந்த பருப்பை மட்டும் வழித்துத் தின்றான், பிறகு ஒரு துண்டு, இப்போது அவனே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். சுரைக்காய், கொத்தவரங்காய் இரண்டும் இதே வழியில் வந்தன. வெண்டைக்காயின் வழவழப்பு மட்டும் இன்னும் ஆகவில்லை, மொறுமொறுவென வறுத்தால் சாப்பிடுகிறான். பாகற்காய்க்கும் பக்கம் இருக்கிறது, ஆசையாகப் பார்க்கிறான், தொடுவதில்லை. நாங்களும் வற்புறுத்துவதில்லை.

சாப்பிடும்போது போன் கிடையாது என்பதில் மட்டும் நாங்கள் கறார். திரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும் பிள்ளைக்கு உள்ளே போனது கத்தரிக்காயா உருளைக்கிழங்கா என்றே தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. ஆப் பார்ப்பதும் மாலையில் கால் மணி நேரம், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கும்போது மட்டும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. பாட்டு, கார்ட்டூன் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு மணி நேரம்.

சந்தா கட்டும் ஆப்களை வாங்கும் முன் யோசியுங்கள். எங்களுக்கு அதிகம் பயன்பட்டது காசில்லாமல் நாங்களே செய்த இந்தப் புத்தகம்தான்.

இளையவளுக்கு ஒன்றரை வயது, அவள் கையில் போன் கொடுப்பதில்லை. அண்ணன் எடுத்த அதே படங்களை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து கொடுத்திருக்கிறோம். பூசணிக்காய் அட்டையைக் கடித்துக் கடித்து ஓரம் பிய்ந்துவிட்டது, இந்த வாரம் வேறு பிரிண்ட் போட வேண்டும்.