மீனாட்சியா, அங்கயற்கண்ணியா, கயல்விழியா?

பெண் குழந்தைக்கு மதுரை அம்மன் பெயர்தான் என்று ஒரு வீட்டில் முடிவாகிவிட்டால், அடுத்த வாக்குவாதம் உடனே ஆரம்பிக்கும். தாத்தா மீனாட்சி என்பார். பெயர் தமிழில் இருக்க வேண்டும் என்று நிற்கும் மாமா அங்கயற்கண்ணி என்பார். பெற்றவர்கள் கயல்விழி என்று மனதுக்குள் எப்போதோ முடிவு செய்திருப்பார்கள். மூன்றும் சொல்வது மீன் போன்ற கண்ணுடையவள் என்பதைத்தான். ஆனால் அவை வந்த வழி வேறு, வயது வேறு.

வயதில் மூத்ததிலிருந்து தொடங்கலாம். மதுரை அம்மனைப் பொறுத்தவரை, எழுத்தில் நமக்குக் கிடைக்கும் பழைய பெயர் அங்கயற்கண்ணி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய ஆலவாய்ப் பதிகத்தில் ‘அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த’ என்று வருகிறது. அந்தப் பாட்டு ‘மங்கையர்க்கரசி’ என்று பாண்டிமாதேவியின் பெயரில் தொடங்கி அம்மன் பெயரில் போய் முடியும். நாட்டை ஆள்பவளும் கோயிலில் இருப்பவளும் ஒரே பாட்டில். பெயர் தேடுகிறவர்களுக்கு மங்கையர்க்கரசியும் கூடவே கிடைக்கும், அது வேறு கதை.

அம் + கயல் + கண்ணி, அதாவது அழகிய கயல்மீன் போன்ற கண்ணுடையவள். ல் என்பது க-வின் முன்னால் ற் ஆகிவிடுகிறது. இந்தப் புணர்ச்சி தெரியாமல்தான் பலர் ‘அங்கையர்கண்ணி’ என்று எழுதிவிடுகிறார்கள். அங்கை என்றால் உள்ளங்கை. அங்கே கண் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெயரை வைக்கிற அப்பா முதலில் பிறப்புச் சான்றிதழில் அதைச் சரியாக எழுத வைக்க வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டில் முதல் ஆளாக நிற்கும் அதிர்ஷ்டமும் இந்தப் பெயருக்கு உண்டு. வீட்டில் எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் சிக்கல். அங்கி? கண்ணி? கயல் என்று சுருக்கினால், பேசாமல் கயல்விழி என்றே வைத்திருக்கலாமே என்று தோன்றிவிடும்.

மீனாட்சி கதை நீளமானது. ‘மீன’, ‘அக்ஷி’ என்ற இரண்டு வடமொழிச் சொற்கள் சேர்ந்த பெயர் இது. மாமாவின் எதிர்ப்பு இங்கேதான். ஆனால் வடமொழியின் ‘மீன’ என்ற சொல்லே திராவிட மொழிகளின் ‘மீன்’ என்பதிலிருந்து போனது என்பது மொழியியலார் பலருடைய கருத்து. அப்படிப் பார்த்தால் பாதிப் பெயர் நம்முடையதுதான். மீன்கொடி பறக்கவிட்ட பாண்டியரின் ஆட்சி, அதனால் மீன் + ஆட்சி என்று சிலர் பிரிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. காஞ்சியில் காமாட்சியும் காசியில் விசாலாட்சியும் இருக்கும்போது, மதுரைக்கு மட்டும் தனி இலக்கணம் எப்படி வரும்?

ஆனாலும் அந்த ‘ஆட்சி’ ஓசை மக்கள் காதில் சும்மா விழவில்லை. புராணக் கதைப்படி மலையத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் வேள்வித் தீயிலிருந்து கிடைத்த குழந்தை அவள். ஆண்பிள்ளையைப் போல வளர்த்து முடிசூட்டு என்று அசரீரி சொல்ல, தகப்பனுக்குப் பின் நாட்டை ஆண்டு, படையெடுத்துப் போன இடத்தில் கணவனைக் கண்டவள். இன்றும் சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு முன்பே பட்டாபிஷேகம் நடந்துவிடும். முதலில் பதவி, அப்புறம்தான் கல்யாணம். ‘உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?’ என்று கேட்கும் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான். மதுரை என்றால் அம்மாவின் ராஜ்யம் என்று அர்த்தம்.

அந்தக் கதையில் அவளுக்கு வைத்த பெயர் தடாதகை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அதற்கென்றே ஒரு படலம் உண்டு. ஆனால் கதைக்குள் இருக்கும் அந்தப் பெயர் தொட்டில் வரைக்கும் வரவே இல்லை.

மீனாட்சியை ஊரெல்லாம் வைக்கும் பெயராக ஆக்கியதில் நாயக்கர் காலத்துக்குப் பங்கு உண்டு. திருமலை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். 1732இல் மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் இறந்தபின் ஆட்சிக்கு வந்த அவருடைய மனைவி பெயரும் மீனாட்சிதான். ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிபை நம்பி ஏமாந்து நஞ்சுண்டு இறந்த அந்த அரசியோடு மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது. பெயர் ராசி பார்ப்பவர்கள் இதைச் சொல்லிப் பயமுறுத்தலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மீன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும், அதுபோல அம்மனும் பார்வையால் காக்கிறாள் என்ற விளக்கத்தைக் கேட்டிருப்பீர்கள். உயிரியல் இதை ஒத்துக்கொள்ளாது. மீனுக்கு இமை இல்லை, அதனால் தூங்காமல் காப்பவள் என்ற இன்னொரு விளக்கம் ஓரளவு தாங்கும்.

கயல்விழி இந்த இருவரோடும் ஒரே வரிசையில் நிற்பவள் அல்ல. கண்ணுக்குக் கயலை உவமை சொல்வது பழந்தமிழ்ப் பாட்டிலேயே உண்டு. ஆனால் பெண்ணின் பெயராக இது பரவியது தனித்தமிழ் அலைக்குப் பிறகு, 20ஆம் நூற்றாண்டில். கோயிலில் பிறந்த பெயர் இல்லை என்பதால் சாமி கும்பிடாத வீட்டிலும் வைக்கலாம், எந்த மதத்து வீட்டிலும் வைக்கலாம். சுருக்கிக் கயல் என்றால் அதுவும் முழுப்பெயர் போலவே ஒலிக்கும். ஒரே தொல்லை அந்த ழகரம். ஆங்கிலத்தில் எழுதி தில்லிப் பக்கம் போனால் கயல்விஸி ஆகித் திரும்பும்.

மதுரை அம்மன் பெயர்தான் வேண்டும் என்றால் கயல்விழியை எடுத்து வைத்துவிடலாம். அது கண்ணை மட்டும் சொல்கிறது, ஆளைச் சொல்லவில்லை. பழமையும் தமிழும் முக்கியம், எழுத்துப்பிழை திருத்தப் பொறுமையும் உண்டு என்பவர்களுக்கு அங்கயற்கண்ணி. என் ஓட்டு மீனாட்சிக்கு. மீனா, மீனு, மீனாள், மீனம்மா என்று எந்த வீட்டு வாய்க்கும் அது வளைந்து கொடுக்கிறது. மீனாம்பாள் என்றும் நீளும். பெண் பெயர் என்று நின்றுவிடவும் இல்லை. உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பந்தநல்லூர் நட்டுவனார் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரம் என்று பெரிய மனிதர்கள் பலர் அவள் பெயரை முன்னால் வைத்துத்தான் நடமாடினார்கள். அடுத்தது பையனாகப் பிறந்தாலும் புதுப்பெயர் தேடி அலைய வேண்டாம்.