மேலமாசி வீதிச் சந்தில் ஊதிய எச் குழாய்

கரிமக் கடத்திப் படிகம் (மின்சாரம் கடத்தும் கரிமச் சேர்மத்தின் படிகம்) வளர்க்கும் ஆசை உள்ளவர்கள், மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் கண்ணாடி ஊதும் பட்டறைக்கு ஒருமுறை போய் வாருங்கள். பெயர்ப்பலகை இல்லை. சுடர் இரைகிற சத்தம்தான் அடையாளம்.

வெளியூரில் வாங்கிய எச் வடிவக் குழாய் (இரண்டு கைகளை நடுக்குழாய் இணைப்பது), கரைசல் ஊற்றியதுமே இணைப்பில் விட்டுப்போனது. எலக்ட்ரானைத் தரும் கரிமச் சேர்மமான டிடிஎஃப் அரை கிராம் தரையோடு போயிற்று. அந்த வேதனையோடுதான் இங்கே போனேன். வரைபடத்தைப் பார்த்த பெரியவர், "சார், நடுவில் கரைசல் வேகமாகப் போக வேண்டுமா, மெதுவாகவா?" என்று கேட்டார். எந்தக் கடையிலும் என்னிடம் கேட்காத கேள்வி அது. மெதுவாக என்றதும் மிக நுண்துளை கொண்ட வடிகண்ணாடி இரண்டை எடுத்தார். இணைப்பு பழுக்கும்போது நீலச் சுடர் மஞ்சளாக மாறியது. முடித்த பிறகும் தணிந்த சுடரில் நெடுநேரம் சுற்றிச் சுற்றிக் காட்டியே ஆறவிட்டார்.

குழாயின் ஒரு கையில் டிடிஎஃப், மறு கையில் எலக்ட்ரானை ஏற்கும் டிசிஎன்க்யூ, இரண்டும் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில். கல்லூரி அரவமற்றிருந்த பொங்கல் விடுமுறையையும் சேர்த்து ஒன்பது நாள் தொடவே இல்லை. திறந்தபோது நடுக்குழாயில் தலைமுடி போன்ற கறுப்பு ஊசிகள், பளபளவென்று.

இந்த ஊசிகள் டிடிஎஃப்-டிசிஎன்க்யூ, 1973-இல் உலோகம்போல் மின்கடத்துவதாகக் கண்டறியப்பட்ட பொருள். மூலக்கூறுகள் தட்டுத் தட்டாக 3.82 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில் அடுக்கியிருக்கும். எலக்ட்ரான்கள் அந்த அடுக்கின் வழியே ஓடும். குளிர்வித்துக்கொண்டே போனால் 54 கெல்வினில் (சுமார் -219 டிகிரி செல்சியஸ்) எலக்ட்ரான் அடர்த்தி அலையாகத் திரள, மூலக்கூறுகளின் ஒழுங்கான அமைப்பான படிகக்கூடும் அதற்கு இணங்கி வளைகிறது. ஏறத்தாழ 3.4 மூலக்கூறுக்கு ஒருமுறை, சுமார் 13 ஆங்ஸ்ட்ராம் நீளத்தில், புதிய நெளிவு பிறக்கிறது. எக்ஸ் கதிர்ப் படத்தில் பெரிய புள்ளிகளின் பக்கத்தில் மங்கலான துணைப்புள்ளிகளாக அது தெரியும். முதலில் நெளிவது டிசிஎன்க்யூ அடுக்கு. 49-இல் டிடிஎஃப் அடுக்கும் சேர்ந்துகொள்கிறது. 38-இல் நெளிவு படிகக்கூட்டோடு பூட்டிக்கொள்ள, மிச்சமிருந்த உலோகத்தன்மையும் அற்றுப்போகிறது. படிகத்தில் குறை இருந்தால் இந்தப் படிகள் கலங்கிவிடும்.

முன்பு பீக்கரில் வளர்த்த ஊசிகள் குளிர்விக்கும்போதே விரிசல் விட்டு மின்தடை துள்ளும். இந்த ஊசிகளில் திரவ நைட்ரஜனின் 77 கெல்வின் வரை தடை வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதற்கும் கீழே குளிர்விக்கும் திரவ ஹீலியம் வசதியுள்ள நண்பர் அளந்தபோது, 54-ஐத் தாண்டியதும் கோடு செங்குத்தாக ஏறிற்று. அந்த வரைபடத்தைப் பட்டறைக்கே கொண்டுபோய்க் காட்டினேன்.

ஒரு வாரம் என்றவர் பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டார். அச்சிட்ட ரசீது இல்லாததால் கல்லூரிக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. 1,400 ரூபாயை நானே ஏற்றேன். டெஃப்லான் மூடி அவரிடம் கிடைக்காது, நீங்களே கொண்டுபோங்கள்.