ஃபெனிட்டாயினா, லெவிடிரசெட்டமா?

ஃபெனிட்டாயின் 1938 முதல் வலிப்பு நோய்க்குப் பயன்படும் மருந்து. நரம்பணுவின் சோடியம் வாயில்களை அடைத்து, தொடர்ந்து பாயும் மின்துடிப்புகளைத் தணிக்கிறது. அதே நோய்க்கான லெவிடிரசெட்டம் அமெரிக்காவில் 1999இல் அனுமதி பெற்றது; நரம்பணுவில் செய்தி கடத்தும் நுண்பைகளிலுள்ள எஸ்வி2ஏ என்ற புரதத்தோடு இணைகிறது.

பெரிய வேறுபாடு, உடல் இவற்றை வெளியேற்றும் விதத்தில்தான். ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் சிகிச்சை அளவிலேயே தம் திறனின் எல்லையைத் தொடத் தொடங்கிவிடும். நாளுக்கு 300 மி.கி. என்பதை 400 ஆக்கினால் ரத்தத்தில் மருந்தின் அளவு சிலருக்கு இரு மடங்கைத் தாண்டும். தள்ளாட்டமும் பேச்சுக் குழறலும் வரும். மேலும், இம்மருந்தில் சுமார் 90 சதவீதம் ரத்தப் புரதமான அல்புமினோடு ஒட்டியிருக்கிறது; ஒட்டாத பங்கே வேலை செய்யும். அல்புமின் குறைந்தவரிடம் ஒட்டாத பங்கு கூடுவதால், மொத்த அளவு மில்லிலிட்டருக்கு 10–20 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குள் இருந்தாலும் நச்சுத்தன்மை தோன்றலாம். இதைக் கவனிக்காமல் அளவைக் கூட்டுவது ஆபத்தானது. கருத்தடை மாத்திரையின் பலனையும் ஃபெனிட்டாயின் குறைக்கும். நாளடைவில் ஈறும் தடிக்கும்.

லெவிடிரசெட்டத்தின் அளவை இரட்டித்தால் ரத்தத்தில் அதன் அளவும் ஏறத்தாழ இரட்டிக்கும், அவ்வளவே. மூன்றில் இரண்டு பங்கு மாறாமல் சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டும். பிற மருந்துகளோடு மோதல் மிகக் குறைவு. பல மாத்திரைகள் உண்ணும் முதியவருக்கு என் தேர்வு இதுவே.

ஆனால் எரிச்சலும் கோபமும் மனச்சோர்வும் வரலாம். வீட்டார் அதைக் குணக்கேடு என்று திட்டுவதைக் கேட்கும்போது மனம் வலிக்கிறது. மருத்துவரிடம் சொல்லுங்கள், எந்த மருந்தையும் நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.