நாலு பேரா, அஞ்சு பேரா? வார இறுதி நகர்ச் சுற்றுலாவில் எது மலிவு

வெள்ளி இரவு கிளம்பி, ஞாயிறு இரவுக்குள் ஒரு பெரிய நகரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். செலவும் கையைக் கடிக்கக் கூடாது. இதற்கு எது மலிவு என்று கேட்டால், எத்தனை பேர் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. ரயில் டிக்கெட், டார்மிட்டரி படுக்கை, நுழைவுச்சீட்டு எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று விற்பவை. டாக்சி, முழு வீடு, வாடகை கார் எல்லாம் மொத்தமாக இவ்வளவு என்று விற்பவை. முதல் வகையில் ஆள் கூடினால் செலவும் அதே அளவில் கூடும். இரண்டாவதில் ஆள் கூடக் கூடத் தலைச்செலவு இறங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று எகிறும். சாதாரண டாக்சியில் அந்தக் கட்டம் ஐந்தாவது ஆள்.

இன்னொரு கணக்கும் உண்டு. சனி காலை 8 முதல் இரவு 9 வரை, ஞாயிறு காலை 8 முதல் மாலை 6 வரை என்று வைத்தால் கையில் இருப்பது 23 மணி நேரம். சாப்பாடு, வரிசை, வழி தேடல் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மூன்று மணி நேரத்தைத் தின்றுவிட்டுச் சில்லறையை மிச்சப்படுத்தும் எந்த ஏற்பாடும் மலிவில் சேராது.

இரவுப் பேருந்தா, விடிகாலை ரயிலா

இரவுப் பேருந்துக்குச் சொல்லும் முதல் நியாயம், ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம் என்பது. ஆறு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுக்கிற இடத்தில் இந்த மிச்சம் சுருங்கிவிடும். வீட்டு வாடகை ஒரு இரவுக்கு 30 (எந்த நாணயமானாலும் சரி) என்றால், மூன்று பேருக்குத் தலைக்கு 10 மிச்சம், ஆறு பேருக்கு 5தான். இரவுப் பேருந்தின் உண்மையான லாபம் சனிக்கிழமைக் காலை. பெயர்பெற்ற இடங்களில் கூட்டம் குறைவாக இருப்பது கதவு திறந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான். விடிகாலை ரயில் பிடித்து 11 மணிக்கு இறங்குகிறவர்களுக்கு அது போய்விடுகிறது, பிறகு அதே இடத்தில் வரிசையில் நின்று அதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கிறது.

சிக்கல் இறங்கிய பிறகுதான் தொடங்கும். பேருந்து 6 மணிக்கு இறக்கிவிடும். செக்-இன் பெரும்பாலும் மதியம் 2 மணிக்கு. நடுவில் எட்டு மணி நேரம் பையும் தோளுமாக அலைய முடியாது, பெரிய பைகளைப் பல அருங்காட்சியகங்கள் உள்ளேயே விடாது. ஹாஸ்டல்களில் லக்கேஜ் அறை இருக்கும், பல இடங்களில் அறை கிடைக்கும் முன்பே குளித்துக்கொள்ளவும் விடுவார்கள். தனி வீடுகளில் இது நடக்காது. முந்தைய விருந்தினர் 11 மணிக்குக் கிளம்பி, சுத்தம் செய்து முடித்த பிறகுதான் சாவி. அதனால் இரவுப் பேருந்தையும் வாடகை வீட்டையும் ஜோடி சேர்ப்பது பொருந்தாத கல்யாணம். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ரயில் நிலைய லக்கேஜ் அறை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதலில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி என்று இரண்டு பக்கமும் பேருந்திலேயே கழிப்பது காகிதத்தில்தான் அழகு. ஞாயிறு மதியத்துக்குள் கூட்டத்தில் பாதிப் பேர் பூங்கா பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். போகும்போது இரவு, வரும்போது ஞாயிறு மாலை ரயில் என்பதே பெரும்பாலான கூட்டங்களுக்குச் சரிப்படும்.

சொந்தக் கார் நான்கு பேருக்கு மலிவாகத் தெரியும், நகர எல்லை வரை மலிவும்தான். உள்ளே போனால் இரண்டு நாள் பார்க்கிங் கட்டணம் எரிபொருள் செலவைத் தாண்டிவிடக்கூடும். லண்டன் மையத்தில் நெரிசல் கட்டணம் 2003 முதல் உண்டு, சனி ஞாயிறு மதியங்களிலும் வசூலிக்கிறார்கள். புறநகர் ரயில் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலில் உள்ளே போகிற வழி இருந்தால் மட்டும் காரை யோசிக்கலாம்.

தங்கும் இடம்: அதிகம் தவறுவது இங்கேதான்

டார்மிட்டரி படுக்கை இரவுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். வாடகை வீடு இரவுக்கு 30, அதோடு சுத்தம் செய்யும் கட்டணம் 15. இந்த 15 ஒரு இரவு தங்கினாலும் ஏழு இரவு தங்கினாலும் ஒன்றுதான். சனி ராத்திரி மட்டும் தங்குகிற கூட்டத்துக்கு மொத்தம் 45. நான்கு பேர் என்றால் தலைக்கு 11.25, டார்மிட்டரியே மலிவு. ஆறு பேர் என்றால் 7.50, வீடு மலிவு. நான்கே பேர், ஆனால் வெள்ளி, சனி இரண்டு இரவும் என்றால் மொத்தம் 75, ஒரு இரவுக்குத் தலைக்கு 9.37 சொச்சம். வீடு மயிரிழையில் முந்துகிறது. எண்களை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம், முறை இதுதான். தேடல் பக்கத்தில் முதலில் கண்ணில் படும் இரவு வாடகையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் சுத்தக் கட்டணமும் சேவைக் கட்டணமும் கடைசித் திரையில் வந்து நிற்கும். வார இறுதியில் குறைந்தது இரண்டு இரவு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை வைக்கிற வீடுகளும் நிறைய.

இனி அந்த ஆறு பேர் வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். விளம்பரத்தில் ‘6 பேர் தங்கலாம்’ என்று இருக்கும். படுக்கை விவரத்தைத் திறந்தால் இரண்டு இரட்டைக் கட்டில், ஹாலில் ஒரு சோபா-கம்-பெட், ஒரே ஒரு குளியலறை. ஆளுக்கு 20 நிமிடம் என்றால் ஆறு பேருக்கு 2 மணி நேரம். முதல் ஆள் 7 மணிக்கு உள்ளே போனால் கடைசி ஆள் 9 மணிக்கு வெளியே வருவார், அதற்குள் முதல் ஆளுக்குப் பசி. வெந்நீர்த் தொட்டி சின்னதாக இருந்தால் நான்காவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர். இரண்டு பேர் முந்தைய இரவே குளித்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைப்பதுதான் இதற்கு மருந்து. இல்லையென்றால் மூன்று பேருக்கு ஒரு குளியலறையாவது இருக்கிற வீட்டைத் தேடுங்கள். படுக்கை எண்ணிக்கையைப் பார்க்கிற அளவுக்கு இதை யாரும் பார்ப்பதில்லை.

டார்மிட்டரியின் குறைகள் வேறு மாதிரி. ஆறு படுக்கை அறையை ஆறு பேரே நிரப்பினால் அது உங்கள் சொந்த அறை மாதிரி. ஐந்து பேர் போனால் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே தூங்க முயல்வார், இரண்டு பக்கமும் சங்கடம். லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. ஆளுக்கொரு சின்னப் பூட்டும் ஒரு துண்டும் எடுத்துப் போகாவிட்டால் இரண்டையும் வரவேற்பறையில் காசு கொடுத்து வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நேரும்.

ஓட்டலில் இரட்டை அறை எடுப்பது இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படைக் கூட்டங்களுக்கே லாபம். மூன்றாவது, ஐந்தாவது ஆள் கூடுதல் கட்டிலிலோ தனி அறை வாடகையிலோ விழுவார். குறட்டை விடுபவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு நல்ல விடை இதில் மட்டும்தான் இருக்கிறது.

மையத்திலா, புறநகரிலா என்பதில் தயங்கவே வேண்டாம். புறநகரில் வாடகை குறைவு, ஆனால் ஒரு பக்கத்துக்கு 40 நிமிடம் வீதம் போய்வர 80 நிமிடம், இரண்டு நாளைக்கு 160 நிமிடம். 23 மணி நேரத்தில் ஏறத்தாழ 3 மணி நேரம் ரயில் ஜன்னலில் போயிற்று. மதியம் அறைக்கு வந்து அரைமணி கால் நீட்டுகிற வசதியும் போயிற்று. கடைசி ரயிலைத் தவறவிட்டால் ஐந்து பேருக்கு இரண்டு டாக்சி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஊருக்குள் சுற்றல்

மூன்று இடம் பார்க்கிற நாளில் தங்குமிடத்திலிருந்து முதல் இடம், அங்கிருந்து இரண்டாவது, பிறகு மூன்றாவது, கடைசியில் திரும்பல் என்று நான்கு சவாரி. டே பாஸ் விலையை ஒற்றை டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை நான்குக்குக் கீழே என்றால் பாஸ் வாங்கலாம். ஆனால் பக்கத்துப் பக்கத்து இடங்களை ஒரே நாளில் கோத்துவிட்டால் சவாரி இரண்டாகக் குறையும், அப்போது பாஸ் நஷ்டம். வரைபடத்தில் இடங்களைப் பேட்டை வாரியாகப் பிரித்த பிறகே பாஸைப் பற்றிப் பேச வேண்டும்.

‘ஒரு நாள்’ என்பதற்கு ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு. சில பாஸ்கள் அன்றைய தேதியோடு முடிந்துவிடும், மாலை 4 மணிக்கு வாங்கினால் முக்கால்வாசி வீண். சில பாஸ்கள் முதல் பயணத்திலிருந்து 24 மணி நேரம். சனி காலை 11 மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு காலைச் சவாரியும் அதிலேயே முடிந்துவிடும். பெர்லின் போல முத்திரை இயந்திரம் வைத்திருக்கும் ஊர்களில் காகித டிக்கெட்டைக் குத்தாமல் ஏறினால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்.

லண்டனில் பாஸ் வாங்கும் வேலையே இல்லை. வங்கி அட்டையைத் தட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் உச்சவரம்பைத் தாண்டிப் பணம் பிடிக்கமாட்டார்கள். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேர் தட்ட முடியாது. காலையில் அட்டையையும் மதியம் போனையும் தட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் தனித்தனி அட்டையாகவே கணக்காகும். உச்சவரம்பும் தனித்தனியாக ஓடும்.

டாக்சியும் நான்கு பேரும் நல்ல கூட்டணி. மூன்று நான்கு கிலோமீட்டர் தூரத்துக்கு நான்கு ரயில் டிக்கெட்டின் விலையும் ஒரு டாக்சியின் விலையும் பல ஊர்களில் நெருங்கி வரும். ஐந்தாவது ஆள் சேர்ந்ததும் இரண்டாவது வண்டி, அல்லது விலை கூடிய பெரிய வண்டி. நான்கு பேரானாலும் நான்கு பெட்டி டிக்கியில் ஏறாது. இதற்கு நேர்மாறாக மியூனிக்கில் ஐந்து பெரியவர்கள் வரை ஒரே சீட்டில் போகக்கூடிய குழு டே டிக்கெட் இருக்கிறது, அங்கே ஐந்தாவது ஆள் இலவசம் மாதிரி. போகிற ஊரில் குழு டிக்கெட் உண்டா என்று தேடுவது இரண்டு நிமிட வேலை. டே பாஸையும் வாங்கிவிட்டு, களைப்பில் டாக்சியும் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் அதிகச் செலவு வைக்கும்.

சிட்டி பாஸா, தனித்தனி டிக்கெட்டா

பல இடங்களின் நுழைவை ஒரே சீட்டில் தரும் சிட்டி பாஸை விற்பவர்கள் ‘இத்தனை இடம் இலவசம்’ என்று பெரிய எண்ணைக் காட்டுவார்கள். ஒரு இடத்துக்குள் 2 மணி நேரம், வரிசைக்கும் நடைக்கும் 45 நிமிடம் என்றால் ஒரு நாளில் மூன்றுக்கு மேல் முடியாது, இரண்டு நாளில் ஐந்தே மிகுதி. அந்த ஐந்தின் தனி விலையைக் கூட்டி ஒப்பிடுங்கள், மீதியெல்லாம் அலங்காரம். பாஸ் இருந்தாலும் முன்பதிவு தனியாகத் தேவைப்படலாம். பாரிஸ் மியூசியம் பாஸ் வைத்திருந்தாலும் லூவர் அருங்காட்சியகத்துக்கு நேரம் பதிவு செய்தாக வேண்டும், ஈபிள் கோபுரம் அந்தப் பாஸிலேயே இல்லை. ‘வரிசை இல்லை’ என்று சொல்வது டிக்கெட் வரிசையைத்தான், பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் ஒன்று.

நண்பர் கூட்டத்தில் இன்னொரு சிக்கல். பாஸ் வாங்கிய பாவத்துக்கு ஓவியத்தில் நாட்டமில்லாதவரும் கூடவே வந்து வாசலில் போனை நோண்டிக்கொண்டு நிற்பார். விருப்பமுள்ள மூவர் உள்ளே போக, மற்றவர்கள் வெளியே சுற்ற, 1 மணிக்கு ஒரே இடத்தில் கூடுவது எல்லோருக்கும் மலிவு. எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்றால் ஊர் கூடித் தேர் இழுக்கிற கதைதான்.

காசில்லாமல் பார்க்கக் கூடியவை பெரிய நகரங்களில் எக்கச்சக்கம். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்கள், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் இலவசம். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனால் அன்றைய வரிசையில் நிற்கிற நேரத்தையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடுமுறை நாளைப் பார்க்காமல் போவது பழைய தவறு. லூவர் செவ்வாய் மூடல், தாஜ்மகால் வெள்ளி மூடல். சனி ஞாயிறு போகிறவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள், திங்களையும் சேர்த்து நீள விடுமுறை போடுகிறவர்கள்தான் திங்கள் மூடும் அருங்காட்சியகங்களில் மாட்டுவார்கள். மூடும் நேரத்துக்கு அரைமணி, ஒரு மணி முன்பே கடைசி நுழைவு முடிந்துவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலாப் பேருந்தும் படகும்

மேல்தளம் திறந்த சுற்றுலாப் பேருந்தின் விலைக்கு அதே சாலைகளில் சாதாரணப் பேருந்தில் பலமுறை போகலாம். பெர்லினில் 100 எண் பேருந்து மிருகக்காட்சிசாலை நிலையத்திலிருந்து வெற்றித் தூண், நாடாளுமன்றக் கட்டடம் வழியாக அலெக்சாண்டர் சதுக்கம் வரை போகிறது, சாதாரண டிக்கெட் போதும். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுப் படகு இலவசம், சுமார் 25 நிமிடத்தில் சுதந்திர தேவி சிலையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். தீவில் இறங்கிக் காலடியில் நிற்க வேண்டும் என்பவருக்கு மட்டும் கட்டணப் படகு. நடக்க முடியாத ஒருவர் கூட்டத்தில் இருந்தால் இந்த வாதம் செல்லாது, சுற்றுலாப் பேருந்தே எடுங்கள்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஒன்று போதும். நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து எம்பயர் ஸ்டேட்டே தெரியாது, ராக்ஃபெல்லர் மையத்தின் உச்சியிலிருந்து அது தெரியும். ஈபிளில் இரண்டாம் தளம் வரை படியேறினால் 674 படி, லிஃப்டை விட டிக்கெட் மலிவு, முழங்காலைப் பொறுத்தது.

பொது உண்டியலா, கணக்குச் செயலியா

ஆளுக்கு இவ்வளவு என்று முதல் நாளே ஒருவரிடம் கொடுத்துவிட்டால் டாக்சி, பொதுச் சாப்பாடு, நிலைய லாக்கர் எல்லாம் பேச்சில்லாமல் போகும். குறைந்தால் எல்லோரும் மறுபடி சமமாகப் போட வேண்டும். நுழைவுச்சீட்டை உண்டியலில் சேர்க்கக் கூடாது, உள்ளே போகாதவர் ஏன் கட்ட வேண்டும்? செலவைப் பிரித்துக் காட்டும் செயலி ஆளுக்கு ஆள் செலவு மாறுபடுகிற கூட்டத்துக்கு நல்லது, ஆனால் அன்றன்றே பதிய வேண்டும். ஞாயிறு இரவு ரசீதுகளை விரித்து நினைவிலிருந்து எழுதினால் யார் எந்த டாக்சியில் இருந்தார் என்ற விசாரணை ஊர் வந்து சேரும் வரை நீளும். நான்கு பேர் வரை உண்டியல் போதும், அதற்கு மேல் இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது. யார் வசம் உண்டியலோ, அவரை வரிசைக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் டீ குடிக்கப் போகாதீர்கள். டீக்குக் காசு அவரிடம்தான் இருக்கும்.