சாலையின் நடுவே ஒரு நிலையம்: அகமதாபாத்துக்குப் போய்வந்த கதை

கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த ஸ்கார்பரோவில் நான் குடியிருக்கும் பகுதியில், எல்ஸ்மியர் சாலை வழியாக ஒஷாவா வரை ஏறத்தாழ 36 கிலோமீட்டருக்கு விரைவுப் பேருந்துத் தடம், அதாவது பேருந்துக்கு மட்டுமே ஒதுக்கிய தடம், அமைக்கும் திட்டத்தைப் பற்றிச் சில ஆண்டுகளாகப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும்: காருக்கு எத்தனை தடம் மிஞ்சும்? நான் பிறந்து வளர்ந்த அகமதாபாத்தில் இதே வழக்கு எப்போதோ பேசித் தீர்ந்து, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது அந்தப் பேருந்தில் பள்ளிக்குப் போகிறார்கள். அதனால், கடந்த ஜனவரியில் அம்மாவைப் பார்க்கப் போனபோது, மூன்று வாரமும் ஆட்டோவைத் தவிர்த்துவிட்டுப் பேருந்திலேயே சுற்றுவது என்றும், கூட வருகிறவர்களிடம் அபிப்பிராயம் கேட்பது என்றும் முடிவு செய்துகொண்டேன்.

அகமதாபாத்தில் தமிழனா என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் வேலைக்கு வந்து மணிநகர், கோக்ரா பக்கம் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா ஷிப்டுக்குப் போன காலத்தில் ஊருக்கு இருந்தது 1947இல் தொடங்கிய மாநகராட்சிப் பேருந்துதான். எல்லாருக்கும் அது ‘லால் பஸ்’. 2009 அக்டோபர் 14ஆம் தேதி ஆர்.டி.ஓ.விலிருந்து பிரானா வரை 12.5 கிலோமீட்டருக்கு ‘ஜன்மார்க்’ என்ற விரைவுப் பேருந்துத் தடம் திறக்கப்பட்டபோது நான் கனடாவுக்குப் போய்விட்டிருந்தேன். அதைத் திட்டமிட்டுக் கொடுத்தது ஊரிலேயே உள்ள செப்ட் பல்கலைக்கழகம். நெரிசலான இடங்களை இணைக்க வேண்டும், ஆனால் நெரிசலான சாலைகளைத் தவிர்க்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட கொள்கை. அதன்படி முதல் தடம் அகலமான 132 அடி வட்டச்சாலையில் போனது. இடிப்பும் எதிர்ப்பும் குறைந்தன. புத்திசாலித்தனமான தொடக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அக்காவின் வீட்டுக்காரர், மாமா, இதை ஒப்புக்கொள்வதில்லை. “அகலமான ரோட்டில் பஸ் விட யாருக்குத்தான் தெரியாது? கோட்டைக்குள் சந்தில் கிடக்கிறவனுக்குத்தானே முதலில் பஸ் வேண்டும்” என்பது அவர் கட்சி. முப்பது ஆண்டுகள் பழைய நகருக்குள் துணிக்கடையில் வேலை பார்த்தவர் அவர் என்பதால் நான் வாதாடவில்லை.

பயணத்தைப் பற்றிச் சொல்வதானால், நன்றாகவே இருந்தது. நிலையங்கள் சாலையின் நடுவே இருக்கின்றன. பேருந்தின் கதவு வலப்பக்கம் திறக்கிறது. நடைமேடையும் பேருந்தின் தரையும் ஒரே மட்டம் என்பதால் படி ஏறுகிற வேலை இல்லை. பட்டம் விடும் உத்தராயண் பண்டிகை முடிந்த மறுநாள் சிவரஞ்சனி நிலையத்தின் கூரையோரத்தில் கிழிந்த பட்டங்கள் ஏழெட்டு தொங்கிக்கொண்டிருந்தன. கீழே, மடியில் டிபன் பையோடு அமர்ந்திருந்த ஒரு பெண், வீட்டு வேலைக்குப் போகிறவர், குஜராத்தியில் என்னிடம் சொன்னது இது: ஷட்டில் ரிக்‌ஷாவில் நாலு பேரோடு நெருக்கி உட்கார வேண்டும், காசுக்கும் பேரம் பேச வேண்டும், இங்கே டிக்கெட் எடுத்தால் இடித்துக்கொண்டு யாரும் வருவதில்லை, சாயங்காலம் விளக்கும் எரிகிறது. பேருந்தின் வேகத்தைப் பற்றி அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

நான் விசாரித்த பத்துப் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் அப்படித்தான். கடைக்காரர்கள் வண்டி நிறுத்த இடம் போனதைச் சொன்னார்கள், ஆட்டோக்காரர் ஒருவர் தடத்தையே தோண்டி எடுக்க வேண்டும் என்றார்; இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். பேருந்தில் போகிறவர்கள் மட்டும் வேறொன்றைச் சொன்னார்கள். நடைபாதையிலிருந்து நிலையம் வரையுள்ள அந்த இருபது முப்பது அடியைக் கடப்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு.

ஒரு காலை அம்மாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனபோது அதன் பொருள் விளங்கிற்று. எழுபத்தாறு வயது, வலது முழங்காலில் வலி. நடைபாதையின் சரிவில் ஒரு கடைக்கு வந்தவர்களின் ஸ்கூட்டர்கள் நின்றதால் அரை அடி உயரத்திலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வரிக்குதிரைக் கோடு இருந்தது. அதற்காக யாரும் வண்டியை நிறுத்தவில்லை. இரண்டு கார் போகவிட்டு, ஒரு அடி வைத்து, ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு பின்வாங்கி, மறுபடி நின்றோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்: நிலையத்தின் சாய்தளத்தை அடைய நான்கு நிமிடம். அங்கிருந்து பேருந்து எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க எடுத்துக்கொண்டது பதினோரு நிமிடம். இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “திரும்பும்போதும் நடுவிலதான் இறங்கணுமா?”

தடம் வேண்டாம் என்பதற்கு இதை ஒரு வாதமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்ட ஊர்களின் கதை நமக்குத் தெரியும். டெல்லியில் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 2008இல் திறந்த 5.8 கிலோமீட்டர் தடத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் சில ஆண்டுகளில் அரசே அதை அகற்றிவிட்டது. போபாலில் 2024இல் பெயர்க்கத் தொடங்கினார்கள், இந்தூரில் 2013இல் வந்த தடத்துக்கு 2025இல் அதே கதி. கார்களின் நெரிசல்தான் எங்கும் முதலில் சொல்லப்பட்ட காரணம். இந்தூர்ப் பேருந்து நெரிசலில் நின்று பயணம் செய்த கல்லூரி மாணவிக்குத் தெருவுக்கு வந்து கோஷம் போட நேரம் ஏது? காரில் போகிறவருக்கு எரிச்சல் உடனே வாய்க்கு வந்துவிடுகிறது. பேருந்தில் போகிறவர் இறங்கி வேலைக்குப் போய்விடுகிறார்.

கருத்துக்கேட்பு என்கிற ஏற்பாட்டில் இதுதான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. மாலை ஏழு மணிக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தால், மண்டபத்துக்கு வர முடிந்தவர்களின் கருத்துதான் கிடைக்கும். கூட்டம் வைக்கிறவர்களே காலை எட்டு மணிக்கு நிறுத்தத்தில் நின்று ஆளுக்கு இரண்டு நிமிடம் கேட்டால், டிபன் பைக்காரப் பெண் சொன்னதும் காதில் விழும், அம்மாவைப் போன்றவர்கள் எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்பதும் கண்ணில் படும். ஸ்கார்பரோவிலேயே 2020 அக்டோபரில் எக்ளின்டன் கிழக்குச் சாலையில் பேருந்துக்கென்று சிவப்புத் தடம் தீட்டியபோது நிறுத்தங்கள் சிலவற்றை எடுத்தார்கள். பேருந்து வேகமாகப் போகிறது என்று நான் மெச்சிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா, “எங்கட நிறுத்தத்தை எடுத்துப்போட்டு ஆருக்கு வேகம், தம்பி?” என்று கேட்டார். அன்றைக்கு அதை முணுமுணுப்பு என்று தள்ளிவிட்டேன்.

ஊர் திரும்பிய வாரத்தில் எல்ஸ்மியர் தடம் குறித்த கருத்துப் படிவம் ஒன்றை நண்பர் அனுப்பியிருந்தார். எத்தனை நிமிடம் மிச்சமாக வேண்டும், காருக்கு எத்தனை தடம் இருக்க வேண்டும் என்ற கேள்விகளைத் தாண்டிக் கடைசியில் இருந்த வெற்றுப் பெட்டியில், சாலையைக் கடக்கும் விளக்கு எழுபத்தாறு வயதுக்காரரின் நடைக்கு ஏற்ப எத்தனை வினாடி எரியும் என்று கேட்டு எழுதினேன். எழுதிவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, “இதிலை தமிழ் இல்லையோ?” என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொடுத்தேன்.